சரக்கு யார் பெயருக்குப் போகிறது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு "சரிப்பா" என்று போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் மெயில்.

ஸ்காட்லாந்தில் உங்கள் மாணவர் குழு காசாவுக்காகக் கம்பளி உடுப்பும் டின் உணவும் சேர்க்கிற படத்தை அம்மா காட்டினாள். அறை முழுக்க அட்டைப்பெட்டி. பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் காலமெல்லாம் ஹார்பரில் கிளியரிங் வேலை பார்த்தவன் கண் வேறு எங்கே போகும்? ஒரு பெட்டியிலும் பெறுபவர் பெயர் இல்லை.

2009-இல் நீ சின்னப் பிள்ளை. ஈழத்தில் குண்டு விழ விழ இங்கே மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு கல்லூரிகளை மூடியது. மே மாதம் போர் முடிந்தது. ஐரோப்பாவில் இருந்த ஈழத்தமிழர்கள் அரிசி, மாவு, மருந்து என்று 884 டன் சேர்த்து 'வணங்காமண்' என்று ஒரு கப்பலை அனுப்பினார்கள். இலங்கைக் கடற்படை மறித்துச் சோதனை போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது. கப்பல் சென்னைக்கு வந்து வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. டெல்லி பேசிய பிறகு சரக்கை இங்கே இறக்கி, செஞ்சிலுவைச் சங்கம் மூலமாகக் கன்டெய்னரில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே போயும் வரி, துறைமுகக் கட்டணம் என்று மாதக்கணக்கில் கிடந்தது. அதே நேரத்தில் வவுனியா பக்கம் முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முள்வேலிக்குள் இருந்தார்கள். அந்தச் சரக்கு எங்கள் கைக்கு வரவில்லை. ஆனாலும் ராஜாஜி சாலை டீக்கடையில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. அனுப்பியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வயிறு எரிந்தவன் சரக்குப் பேப்பர் எல்லாம் பார்த்துக்கொண்டா இருப்பான்?

காசாவில் கதவு அதைவிட இறுக்கம். 2025 மார்ச் 2-லிருந்து மே 19 வரை உணவு, மருந்து எதையும் உள்ளே விடவில்லை. ஆகஸ்டில் ஐ.நா. ஆதரவோடு இயங்கும், பட்டினி நிலையைக் கணிக்கிற ஐபிசி என்ற அமைப்பு, காசா நகரப் பகுதியில் பஞ்சம் என்றே அறிவித்தது. உலகத்தில் சாமானுக்கா பஞ்சம்? எல்லைக்கு வெளியே சாமான் குவிந்து கிடந்தபோதுதான் உள்ளே பட்டினி. ஸ்காட்லாந்தில் கட்டிய பெட்டி அந்த வரிசையில் எங்கே போய் நிற்கும், சொல்லு.

ஆகவே, அந்தக் கம்பளிகளை அங்கேயே விற்றுப் பணமாக்குங்கள். காசாவுக்குள்ளேயே ஆள் வைத்து வேலை செய்கிற அமைப்பாகப் பார்த்துக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். சுனாமி சமயத்தில் நாகப்பட்டினத்தில் பழந்துணி ரோட்டோரம் மலையாகக் கிடந்து மழையில் மக்கிப் போனது, எடுக்க ஆளில்லை. 2015 வெள்ளத்தில் நம் தெரு முனைப் பள்ளியில் நீயும் உட்கார்ந்து பிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒற்றைச் செருப்பு, தேதி முடிந்த இருமல் மருந்து, ஜரிகை கிழிந்த பட்டுப்புடவை எல்லாம் வந்தது. பாய், பால் பவுடர், நாப்கின் என்று கேட்டு வாங்கியது அங்கே உதவிக்கு வந்த கல்லூரிப் பெண்கள்தான். அவர்கள் முதலில் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற ஜனங்களிடம் போய் விசாரித்துவிட்டு, பிறகுதான் லிஸ்ட் எழுதினார்கள்.

அடுத்தது, காசா பற்றி நீங்கள் எழுதப்போகும் அறிக்கை. அதற்கும் பெறுநர் வேண்டும். 2013 மார்ச்சில் லயோலா மாணவர்கள் எட்டுப் பேர் கோயம்பேட்டில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். விடியற்காலையில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது; அப்புறம்தான் தமிழ்நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை பற்றி வரும் தீர்மானம் போதாது, சர்வதேச விசாரணை வேண்டும் என்று கேட்டார்கள். 21-ஆம் தேதி 25-க்கு 13 என்று தீர்மானம் நிறைவேறியது. இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது, ஆனால் அந்த விசாரணை அதில் இல்லை. அடுத்த வருடத் தீர்மானத்தில் ஐ.நா. மனித உரிமை அலுவலகமே விசாரிக்கும் என்று வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. அந்த மார்ச்சில் தெருவில் அத்தனை கூட்டம் இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பிள்ளைகள் 2024 மே மாதம் கூடாரம் போட்டது தங்கள் கல்லூரி வளாகத்திலேயே. ஆக்கிரமிப்புப் பகுதியில் தொழில் செய்கிற இஸ்ரேலிய நிறுவனங்களில் கல்லூரி போட்டிருந்த பணத்தை எடுக்கச் சொன்னார்கள். சில நாளிலேயே நிர்வாகம் ஒப்புக்கொண்டது. "உலகமே கண் திற" என்று எழுதினால் பதில் போட ஆள் கிடையாது. உங்கள் பல்கலைக்கழகத்தின் பணம் எங்கே முதலீடாக இருக்கிறது என்று கேட்டு, பதிவாளருக்கு எழுதுங்கள்.

விசா பற்றி அம்மா தினமும் புலம்புகிறாள். போராட்டத்துக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிரிட்டனில் 2025 ஜூலையில் ஓர் அமைப்பைத் தடை செய்து, அதற்கு ஆதரவாக அட்டை பிடித்தவர்களையே நூற்றுக்கணக்கில் கைது செய்தார்கள். யாரோ நீட்டுகிற அட்டையை வாங்கிப் பிடிக்காதே, உன் வாசகத்தை நீயே எழுது. மாணவர் சங்கத்தில் சட்ட உதவி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்.

அறிக்கை தயாரானதும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் போடு. இங்கிலீஷை நீ பார்த்துக்கொள், முகவரியை நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா
ராயபுரம், சென்னை