ரேங்க் போனது, லட்டு போகவில்லை

ஆசிரியருக்கு,

பிளஸ் டூ தேர்வில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் தமிழக அரசு கைவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் தேர்ச்சி விகிதப்படி மாவட்டங்களை வரிசைப்படுத்துவது மட்டும் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு ரேங்க் போடக் கூடாது, கலெக்டர்களுக்குப் போடலாம் போலிருக்கிறது!

ரிசல்ட் அன்று டிவியைப் போட்டால் வருஷா வருஷம் அதே காட்சி. "டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன்" என்று பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் அம்மா லட்டை ஊட்டிவிடுகிறார். கேமரா சரியாகப் பிடிக்கவில்லை போலும், இன்னொரு லட்டு. மறுநாள் நாளிதழைப் பிரித்தால், 600க்கு இத்தனை என்று பாஸ்போர்ட் சைஸ் முகங்களோடு முழுப்பக்கப் பள்ளி விளம்பரம். தங்கள் இதழிலும்தான், கோபிக்க வேண்டாம்.

அப்புறம் இரவு விவாதம். 1976இல் கல்வி, மாநிலப் பட்டியலிலிருந்து மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது யாரால் என்று கட்சிக்காரர்கள் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். வாத்தியார் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. விடைத்தாள் திருத்தப் போயிருந்தார்களோ என்னவோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்