போனில் சொல்லாத சங்கதி

ரூவி, மஸ்கட்.

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்வாள். அதனால்தான் லீவில் ஊருக்கு வரும் ரூம்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாகப் படி.

போன மாதம் பத்து நாள் வேலை அதிகம் என்று போனையே எடுக்கவில்லையே, அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது நடமாடுகிறேன், பயப்படாதே.

இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். அப்படியும் நாக்கு வறண்டு போகும். கேம்ப்பில் எல்லோருக்கும் தாகம், எல்லோரும் இளைத்துத்தான் கிடக்கிறோம். அதில் என் தாகம் வேறு தாகம் என்று யாருக்குத் தெரியும்? நானும் கூல்டிரிங்க்ஸாக வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கழிவறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கும். சிறுநீர் எந்த நிறத்தில் போனால் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வெளிர் மஞ்சளில் தொடங்கிப் பழுப்பில் முடியும். ஒரு நாள் காலையில் எனக்குப் போனது அந்தப் படத்திலேயே இல்லாத நிறம், கட்டன்சாயா மாதிரி. தொடை இரண்டும் அடித்துப் போட்டது போல் வலி, படி ஏற முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை 812. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரியும். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறுகிற சி.கே. என்று ஒன்று, 200க்கு அக்கம்பக்கம் இருக்க வேண்டியது, 38,000 இருந்தது. சர்க்கரை தாறுமாறாக ஏறி உடம்பு வற்றிப் போனால், அபூர்வமாகச் சிலருக்குத் தசையே கரையுமாம். கரைந்தது சிறுநீரகத்தில் போய் அடைக்குமாம். இன்சுலினும் பாட்டில் பாட்டிலாகச் சலைனும் ஏற்றினார்கள். நல்லவேளை, டயாலிசிஸ் வரை போகவில்லை.

அப்பாடா என்றிருந்தபோது, நாலாம் நாள் சிறுநீர் திரும்பவும் கறுத்தது. சி.கே. இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கண் மஞ்சள், ஹீமோகுளோபின் 14லிருந்து 8. இந்த ஊர் டாக்டர் வந்து, பெரிய அவரைப் பயறு தின்றாயா, மலேரியா மாத்திரை போட்டாயா என்று கேட்டார். இரண்டும் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்து, ஜி6பிடி என்கிற நொதி உனக்குப் பிறவியிலேயே குறைவு என்றார். சிவப்பணுவைக் காப்பது அதுதான். சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாதாம். சர்க்கரை புரட்டிப் போட்டதில் அணுக்கள் உடைந்துவிட்டன. இந்த நாட்டு ஆண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது குறைவாம், அதனால் அவருக்குச் சட்டென்று தோன்றியிருக்கிறது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி சொல்லும் டெஸ்ட்டைக் கொஞ்ச நாளைக்கு நம்பாதே, குறைத்துக் காட்டும், விரலில் குத்தியே பார் என்றும் சொல்லியிருக்கிறார்.

சரி, உனக்கு எழுதுவது எதற்கென்றால், இந்த ஜி6பிடி குறை ஆண்பிள்ளைகளுக்கு அம்மா வழியில் வருவது. உனக்கும் வந்திருக்கலாம், வந்திருந்தால் உன் பையன்களுக்குப் போக வாய்ப்பு பாதிக்குப் பாதி. சின்னவன் பிறந்தபோது மஞ்சள் காமாலை என்று நீல விளக்கில் வைத்திருந்தார்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. மச்சானிடம் சொல்லி இரண்டு பேருக்கும் ஜி6பிடி டெஸ்ட் எடு. அதுவரை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல், மலேரியா மாத்திரை என்றால் கட்டாயம் சொல்.

அம்மாவிடம் சர்க்கரை என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். தன்னால்தான் வந்தது என்று தெரிந்தால் சாப்பிடாமல் கிடப்பாள். ஆனால் டிரங்குப் பெட்டியில் துணிக்கு நடுவே பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறாளே, அதுவும் இந்த ரத்தத்துக்கு ஆகாது. நாற்றம் பிடிக்கவில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லி எடுத்து எறிந்துவிடு.

அன்புடன்,
உன் தம்பி