அந்தப் பாட்டின் தொடக்கத்தில் பேசுகிறவர்கள்

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, பதில் போடாதது என் தப்புதான். பட்டாளத்தார் வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பந்தியில் இரண்டாவது இட்லி விவகாரம் மறுபடி கிளம்பியது. நீ இல்லாததால் பழி முழுக்க உன் மேல்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சின்ன மகனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்ததையும், இனி ஆடப் போவதில்லை, உன் ஸ்டுடியோவில் வந்து உட்காருகிறேன் என்று அவன் சொன்னதையும் எழுதியிருந்தாய். “பந்து உதைத்தவனுக்குப் பாட்டுப் பதிவு எங்கிருந்து வரும்” என்று கோபப்பட்டிருந்தாய். அதே கடிதத்தின் கடைசியில், அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டு தொடங்கும்போது கலகலவென்று பேசுகிறவர்கள் யார், ஸ்டுடியோ ஆட்களா என்றும் கேட்டிருந்தாய். உன் கோபத்துக்கான பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது மாப்ள. அதனால்தான் உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன்.

அந்தக் குரல்களில் இரண்டு, சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடியவர்களுடையவை. ஒருவர் மெல் ஃபார், இன்னொருவர் லெம் பார்னி. இருவரும் டெட்ராய்ட் லயன்ஸ் அணி. இது சின்னவன் ஆடுகிற ஆட்டம் இல்லை, தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கி ஓடி மோதுகிற அமெரிக்க ஆட்டம். 1967-ல் இருவரும் ஒரே அணிக்கு ஒன்றாகத் தேர்வானார்கள். அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் ஃபார், சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர் பார்னி. ஒரே அணிக்கு இரண்டு விருதும் வந்தது.

பார்னியின் முதல் ஆட்டம் கிரீன் பே அணியோடு. அவர் காவல் நின்ற பக்கமாக எதிரணியில் பந்தை எறிகிற பார்ட் ஸ்டார் எறிந்த முதல் பந்தையே குறுக்கே பாய்ந்து பிடித்து, 24 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தார். அந்த சீசனில் மட்டும் இப்படிப் பத்துப் பந்துகளைப் பிடித்தார். கார்னர்பேக் என்ற அந்த இடத்தில் நிற்பவன் எதிராளியைப் பார்த்தபடியே பின்னால் ஓட வேண்டும். கண் எதிராளியின் முகத்துக்கோ தோளுக்கோ போனால் ஏமாந்தான், ஏனென்றால் தலையையும் தோளையும் ஆட்டிப் போக்குக் காட்டலாம், இடுப்பைக் காட்டி ஏமாற்றுவது கஷ்டம். இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் போவான். அது திரும்புகிற கணத்திலேயே தன் இடுப்பையும் திருப்ப வேண்டும். அரை விநாடி தாமதித்தால் புள்ளி போய்விடும். இந்தப் பழக்கம் சின்ன வயதிலிருந்தே உடம்பில் ஊறியிருக்க வேண்டும்.

இப்போது மார்வின் கேயிடம் வா. அவரைப் பாடகராகத்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் டெட்ராய்ட் நகரத்தின் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் ஆரம்ப நாட்களில் அவர் ட்ரம்ஸ் வாசித்தவர். 1961-ல் வந்த ‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’ பாட்டில் கேட்கிற ட்ரம்ஸ் அவருடையது. தயாரிப்பாளராக அவர் கை பழகியது 1969-ல், ‘தி ஒரிஜினல்ஸ்’ என்ற நால்வர் குழுவுக்கு ‘பேபி ஐயம் ஃபார் ரியல்’ செய்துகொடுத்தபோது. நான்கு குரல்களை ஒன்றுக்குமேல் ஒன்றாக அங்கே அடுக்கினார். ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டையும் முதலில் அந்தக் குழுவுக்குக் கொடுக்கத்தான் நினைத்திருந்தார். பாட்டை ஆரம்பித்து எழுதிய ஃபோர் டாப்ஸ் குழுவின் ஓபி பென்சன்தான், நீயே பாடு என்று வற்புறுத்தினார்.

அப்போது மார்வின் இருந்த நிலை மோசம். அவரோடு ஜோடியாகப் பாடிய டாமி டெரல் 1967-ல் மேடையிலேயே அவர் கைகளில் மயங்கி விழுந்தார். மூளையில் கட்டி. 1970 மார்ச்சில் இறந்துபோனார், வயது 24. மார்வின் மேடை ஏறுவதையே விட்டுவிட்டார். ஜூன் மாதம் பாட்டைப் பதிவு செய்து கொடுத்தால், மோடவுன் முதலாளி பெரி கோர்டிக்குப் பிடிக்கவில்லை, வெளியிட மாட்டேன் என்றார். இதை வெளியிடாமல் வேறெதையும் பதிவு செய்ய மாட்டேன் என்று மார்வினும் முறுக்கிக்கொண்டார்.

அந்த இடைவெளியில்தான் அவர் ஃபுட்பால் வீரராக வேண்டும் என்று கிளம்பினார். நிஜமாகவே. ஃபாரோடும் பார்னியோடும் சேர்ந்து ஓடினார், எடை தூக்கினார், உடம்பை ஏற்றினார். லயன்ஸ் அணியில் தேர்வுக்கு நிற்க வாய்ப்புக் கேட்டார். பயிற்சியாளர் ஜோ ஷ்மிட் அணியில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்டவருக்கு வயது 31, கல்லூரி அளவில்கூட ஆடிய அனுபவம் இல்லை. உடம்பு பலம் சில மாதத்தில் வந்துவிடும். கண்ணுக்கும் காலுக்கும் நடுவில் யோசனையே நுழையாத அந்த வேகம் முப்பதுக்குமேல் புதிதாக வராது. பந்தைப் பிடிப்பதையே எடுத்துக்கொள். முனையை விரல்கள் மூட வேண்டும், முன்கை, புஜம், விலா மூன்றும் மற்ற பக்கங்களை நெருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று தளர்ந்தாலும் மோதுகிற வேகத்தில் பந்து தெறித்துவிடும். ஃபார் மாதிரி ஆட்களுக்கு அது மூச்சு விடுவதுபோல. மார்வினோ ஒவ்வொரு தடவையும் நினைத்து நினைத்துப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். அப்படி ஒருவர் களத்தில் இறங்கினால் முதல் மோதலிலேயே கழுத்தோ முழங்காலோ போகும்.

அந்த ஆட்டம் அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் அந்த நண்பர்கள் ஸ்டுடியோவுக்குள் வந்தார்கள். டெட்ராய்டில் மேற்கு கிராண்ட் புலவார்டு என்ற சாலையில் மோடவுனின் 2648-ஆம் எண் வீடு, அதன் கார் ஷெட்டை மாற்றிக் கட்டிய ஸ்டுடியோ ஏ. அங்கே பாட்டின் முன்னால் வருகிற அந்த விசாரிப்புகள், வாடா மச்சான் என்கிற மாதிரியான சிரிப்புப் பேச்சு, அதைப் பதிவு செய்ய மார்வின் நடிகர்களைக் கூப்பிடவில்லை. தினமும் தன்னை அப்படி விசாரிக்கிற ஆட்களையே நிறுத்தினார். அதனால்தான் ஐம்பது வருஷம் கழித்தும் அது நம் தெருமுனையில் கேட்கிற மாதிரி இருக்கிறது.

இனி நீ கேட்காததையும் சொல்கிறேன், உன் தொழிலுக்கு ஆகும். அந்தப் பாட்டில் நாம் வியக்கிற பாதி விஷயங்கள் தப்பாகவோ தற்செயலாகவோ வந்தவை. தொடக்கத்து சாக்ஸபோன் இருக்கிறதே, ஈலை ஃபான்டெய்ன் சும்மா வாத்தியத்தைச் சூடேற்ற ஊதிப் பார்த்தது. டேப் ஓடிக்கொண்டிருந்தது. போதும், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார் மார்வின். பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அன்று நிற்க முடியாத போதையில் இருந்ததால், தரையில் மல்லாக்கப் படுத்தபடி வாசித்தார் என்று சொல்வார்கள். ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுகிறவர், தந்தியை மாற்றவே மாட்டார். பழைய தந்தியில் கிணுகிணுப்பு போய் அடித்தொண்டை மாதிரி ஒரு சத்தம் வரும், அதுதான் அவர் அடையாளம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு மார்வின்கள் சேர்ந்து பாடுவது. ஒரே பாட்டை அவர் இரண்டு தடவை பாடியிருந்தார். எது நன்றாயிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க எஞ்சினியர் கென் சாண்ட்ஸ் இரண்டையும் எடுத்துவைத்தார். கை தவறி இரண்டும் ஒரே நேரத்தில் ஓடிவிட்டன. மார்வினுக்கு அது பிடித்துப்போனது, அப்படியே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதுவே அவருடைய முறையாகிவிட்டது.

சென்ற தீபாவளிப் பாட்டில் நீ இதைச் செய்யப் பார்த்துக் கெடுத்தாய். ஒரு தடவை பாடிய பதிவை, அந்த ஒரே டேக்கை நகலெடுத்து 15 மில்லிவிநாடி தள்ளிப் போட்டிருந்தாய். அப்படிச் செய்தால் இரண்டு அலையும் ஒன்றையொன்று சில இடங்களில் அடித்து, சில இடங்களில் கூட்டி, குரல் தகர டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி மெலிந்துவிடும். அந்தப் பாட்டைப் பாடிய பெண்ணை இரண்டு தடவை பாடவைக்க வேண்டும். இரண்டாவது தடவை பாடும்போது முதல் டேக்கை ஹெட்போனில் கேட்கவிடாதே. கேட்டால் அதை ஒட்டிப் பாடப் பார்ப்பாள், உயிர் போய்விடும். இரண்டையும் ஓட்டும்போது ஒன்றை முன்னால் வைத்து, மற்றதன் சத்தத்தை 5, 6 டெசிபல் இறக்கு. ‘ச’வும் ‘ட’வும் இரண்டு முறை தெறிக்கும், அந்த எழுத்துகளைப் பின்குரலில் மட்டும் மழுக்கிவிடு. மூச்சுச் சத்தமும் ஒன்றில் போதும். முதல் டேக்கில் ஒரு வரியை நீட்டினால் இரண்டாவதில் அதைச் சீக்கிரம் முடிக்கச் சொல், ஒன்றுக்கொன்று பதில் பேசுவதுபோல் இருக்கும். மார்வின் பாட்டில் கேட்பது அதுதான்.

பாட்டு கடைசியில் 1971 ஜனவரியில் கோர்டியின் விருப்பத்தை மீறித்தான் வெளியானது. விற்பனையைப் பார்த்ததும் அவரே முழு ஆல்பம் கேட்டார். மிச்சப் பாட்டுகளின் பதிவு மார்ச் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்தது, மே 21-ல் ஆல்பம் வந்தது. வாசித்தவர்கள் பேரை உறையில் அச்சிட்டார்கள், மோடவுனில் அதுவே முதல் முறை. அத்தனை வருஷம் பேரில்லாமல் வாசித்தவர்கள் அவர்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனது கனக்கும்.

சின்னவனைப் பற்றி. மெல் ஃபார் முதல் வருடத்தில் 860 கெஜம் ஓடினார், அதற்குப்பின் காயம்மேல் காயம். 1973-ஓடு முடிந்துவிட்டது, ஏழே சீசன். ஆனால் ஆடிக்கொண்டிருந்தபோதே, ஆட்டம் இல்லாத மாதங்களில் ஃபோர்டு கம்பெனிக்குப் போய் வேலை பழகியிருந்தார். 1975-ல் கூட்டாளி ஒருவரோடு ஓக் பார்க்கில் ஒரு ஃபோர்டு கார் விற்பனை நிலையத்தை எடுத்துப் பெரிய வியாபாரியானார். பார்னி 11 சீசன் ஆடி 1977-ல் ஓய்வு பெற்றார், மொத்தம் 56 பந்துகள் பிடித்தவர். 1992-ல் அந்த ஆட்டத்தின் பெரிய வீரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பேர் ஏறியது. மார்வின் 31 வயதில் போய் மற்றவன் ஆட்டத்தின் கதவைத் தட்டினார். உன் பையனுக்கு 20 வயது, கதவு உன் வீட்டிலேயே இருக்கிறது. ஒன்பது வருஷம் பந்தைப் பார்த்துப் பார்த்து, எதிராளி நகருமுன் நகரப் பழகியவன் அவன். பாடுகிறவர் மூச்சை இழுக்கிற விதத்தை வைத்தே அடுத்த வரி எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். நீ கோபத்தில் அதைப் பார்க்கவில்லை மாப்ள. எனக்கு அதுதான் வருத்தம்.

முழங்காலை மட்டும் அலட்சியப்படுத்தாதே. ஆடாவிட்டாலும் தொடைப் பயிற்சியை விடக்கூடாது, விட்டால் படி ஏறுவதே பாடாகிவிடும். எட்டு மணி நேரம் காலை மடக்கி உட்கார வைக்காதே, முக்கால் மணிக்கு ஒருமுறை எழுப்பிவிடு.

அவனுக்கு முதல் வேலையாக இதைக் கொடு. அவன் டீம் பையன்கள் நாலைந்து பேரை வரச்சொல். நடுவில் ஒரே மைக், மூன்றடி தள்ளி எல்லோரும் சுற்றி நிற்கட்டும். கையில் காகிதம் வேண்டாம், படித்தால் தெரிந்துவிடும். ஒருவன் வெளியிலிருந்து உள்ளே வரட்டும், மற்றவர்கள் அவனை விசாரிக்கட்டும். ஐந்து நிமிஷம் எடுத்து, நல்ல பத்து விநாடியை அவனே வெட்டட்டும். பாட்டுக்கு அடியில் வைக்கும்போது வார்த்தை புரிந்தும் புரியாமலும் இருக்கிற அளவுக்கு இறக்க வேண்டும். முழுக்கப் புரிந்தால் காது பாட்டை விட்டுப் பேச்சுப் பின்னால் போய்விடும்.

நீ பக்கத்தில் உட்காராதே. அவன் வெட்டியதையும் வெட்டாத முழு ஐந்து நிமிஷத்தையும் தனித்தனியாக எனக்கு அனுப்பச் சொல். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள