ஏசி அறை என்றால் சுத்தமான வேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் பேனர் அச்சுத் தொழில் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பிள்ளைகள் தொழில் கற்க வேண்டும் என்று எழுதியது நல்லதுதான். ஆனால் "தோட்ட வேலைபோல் உடம்பு நோகாமல், ஏசி அறையில் செய்யும் சுத்தமான வேலை" என்று ஒரு வரி போட்டிருந்தீர்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

சுங்கை சிப்புட்டில் ஒரு பேனர் கடையில் ஒன்பது வருடம் வேலை செய்தவள் நான். சதுர மீட்டருக்கு 440 கிராம் எடையுள்ள ஃபிளெக்ஸ் (பேனர் அடிக்கிற பிளாஸ்டிக் துணி), 3.2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம் என்றால் ஒரு சுருள் 70 கிலோ. அதை நானும் இன்னோர் அக்காவும்தான் தூக்கி மெஷினில் மாட்டுவோம். உடம்பு நோகாது என்று எழுதியவர் ஒரு நாள் வந்து ஒரு முனையைப் பிடித்துப் பார்க்கட்டும்.

அப்புறம் அந்த ஏசி. தூசு விழக்கூடாது என்று ஜன்னலைத் திறக்கவே விடமாட்டார்கள். ரசாயனக் கரைப்பான் கலந்த சால்வென்ட் மையின் ஆவி எங்கே போகும்? ஏசி அதே காற்றைத்தான் திருப்பித் திருப்பிச் சுற்றிவிடும். காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று வையுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். சாயங்காலம் தலை பிளக்கும். வீட்டில் கொதிக்கிற குழம்பின் வாசனைகூடத் தெரியாது. மை தெளிக்கிற பிரிண்ட் ஹெட்டைத் துடைக்கக் கையுறை கேட்டால், சாப்பாட்டுக் கடையில் போடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் தருவார்கள்.

2022 அக்டோபரில் மலேசிய நாடாளுமன்றம் கலைந்தது, தீபாவளியும் அதே மாதம். வாழ்த்து பேனர், தேர்தல் பேனர் என்று இரவு பகலாக ஓடியது. அச்சடித்ததன்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டுகிற லேமினேஷன் மெஷினில் கை பக்கத்தில் வந்தாலே உருளை நிற்பதற்கு ஒரு சென்சார் இருக்கும். அடிக்கடி நின்று வேலை தாமதமாகிறது என்று முதலாளி அதன்மேல் டேப் ஒட்டிவிட்டார். ஸ்டிக்கரில் விழுந்த சுருக்கத்தை நான் விரலால் நீவிக்கொண்டிருந்தேன். வேறொருவர் தெரியாமல் கால் பெடலை மிதித்துவிட்டார். இரண்டு ரப்பர் உருளைக்கும் நடுவே என் விரல்கள் போய்விட்டன. மெஷினை உடனே நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அந்த அக்கா ஓடி வந்து அடித்தார். ஆள்காட்டி விரல் இன்றும் முழுதாக மடங்காது.

ஆஸ்பத்திரியில், வீட்டுக் கதவில் நசுங்கியது என்று சொல்லச் சொன்னார்கள். நானும் பயந்து அப்படியே சொன்னேன். வேலையிட விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) முதலாளி தெரிவிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்குத் தெரியும், ஐயா. ஆனால் பிள்ளைகளை அந்த வேலைக்கு அழைக்கிற கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லையே.

என் அம்மா தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் தொட்டி, முகத்தில் வெறும் துண்டு. பாராகுவாட் என்ற களைக்கொல்லி பட்டுப் பட்டு நகங்கள் கழன்றன. 2002இல் அதைத் தடை செய்தார்கள், 2006இல் தடையை நீக்கினார்கள், திரும்பவும் தடை வந்தது 2020இல்தான். அதற்குள் அம்மா வேலையை விட்டே வந்துவிட்டார். அன்றும் "கவனமாக அடித்தால் ஒன்றும் ஆகாது" என்றுதான் தோட்டத்துக் கணக்கர் கிராணி சொன்னார். என் முதலாளி சொன்னதும் அதே வார்த்தைதான்.

2024 ஜூன் 1 முதல் திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில், பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். உயிர் போகும் அல்லது பலத்த காயம் படும் அளவுக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்து, முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அந்தக் கடையில் ஏழு பேர். இதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வரியைத் திருத்துங்கள். மையோடு வருகிற பாதுகாப்புத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது. அதில் முக்கியமானவற்றைத் தமிழில், வெட்டிச் சுவரில் ஒட்டுகிற மாதிரி அரைப் பக்கம் போடுங்கள். சிவப்புப் பொத்தானின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். அந்த அக்கா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும்.

இப்படிக்கு,
முன்னாள் பேனர் கடை ஊழியர்,
சுங்கை சிப்புட், பேராக்