டிரெட்வேர் எண்ணை நம்பி டயர் வாங்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கார் டயர்களை ஒப்பிட்டு எழுதும்போது பலரும் பக்கச்சுவரில் அச்சிட்ட டிரெட்வேர் எண்ணைத்தான் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதற்கான தர எண்) முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். 500 என்று போட்டிருந்தால் 300-ஐவிட உசத்தி என்று வாங்குபவரும் நம்பிவிடுகிறார். அந்த எண்ணைக் கொடுப்பது அரசு அல்ல, டயர் கம்பெனிதான். அமெரிக்க விதிப்படி டயரைச் சுமார் 11,600 கி.மீ. ஓட்டி, கூடவே ஓடும் ஒப்பீட்டு டயரோடு வைத்துத் தேய்மானத்தை அளப்பார்கள். மிச்ச ஆயுள் கணக்குப் போட்டுச் சொல்வது. அந்தக் கணக்கில் ஒரு கம்பெனி தாராளமாக இருக்கும், இன்னொன்று அடக்கி வாசிக்கும். ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களை ஒப்பிட எண் உதவும். பிராண்டு மாறினால் குத்துமதிப்புதான்.

பக்கத்தில் இருக்கும் டிராக்‌ஷன் எழுத்துக்கும் (ஏஏ, ஏ, பி, சி; ஏஏ-தான் உசத்தி) எல்லை உண்டு. நனைந்த தளத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடித்து அளப்பது அது. வளைவில் பிடி எப்படி, தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்குமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. டெம்பரேச்சர் எழுத்து வேகத்தில் ஏறும் சூட்டைத் தாங்கும் திறன். அதில் சி என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம், அவ்வளவே.

என் கணிப்பில் முதலில் பார்க்க வேண்டியது ஐரோப்பிய லேபிளில் உள்ள ஈரப்பிடி எழுத்து (நனைந்த சாலையில் பிடி; ஏ உசத்தி, இ கடைசி). 80 கி.மீ. வேகத்தில் முழு பிரேக் போட்டால், ஏ டயருக்கும் இ டயருக்கும் நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரலாம். ஏறக்குறைய நான்கு கார் நீளம்! எரிபொருள் சிக்கனத்தில் ஏ வாங்கிய டயர் ஈரப்பிடியில் சி, டி என்று இறங்கியிருப்பதும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே மாடலே சைஸ் மாறினால் எழுத்தும் மாறலாம் என்பதால் ஒப்பீடு வெளியிடும்போது சைஸையும் தவறாமல் அச்சிட வேண்டுகிறேன். இந்த எழுத்துகள் புது டயருக்கானவை. சுமார் 8 மி.மீ. ஆழத்தில் தொடங்கும் ட்ரெட் (டயரின் பள்ளக்கோடுகள்), தேய்மானம் காட்டும் 1.6 மி.மீ. அடையாளக் கட்டையைத் தொடும் முன்பே ஈரச் சாலையில் பிடி நன்றாகக் குறைந்துவிடும்.

டயரின் பக்கச்சுவரில் 205/55 ஆர்16 91வி என்றிருந்தால் 91 என்பது டயர் ஒன்றுக்கு 615 கிலோ சுமை, வி என்பது அதிகபட்ச வேகம் மணிக்கு 240 கி.மீ. டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள சுமை எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. மலிவு என்று போனால், முழுச் சுமையில் பக்கச்சுவர் அதிகம் மடங்கிச் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு.

பக்கச்சுவரில் உள்ள டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி: 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். அது பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். வீலில் மாட்டிய பிறகு உள்பக்கம் போய்விட்டால் குனிந்து தேட வேண்டியதுதான். மாட்டும் முன்பே நான்கு டயரையும் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு மட்டும் மாற்றுவதானால் புதியவை பின்னால் போக வேண்டும், முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் சரி. தேய்ந்த டயர் பின்னால் இருந்தால் மழையில் வளைவு திரும்பும்போது கார் வாலைச் சுழற்றிவிடும். அதைச் சமாளிப்பது முன்பக்கம் வழுக்குவதைவிடக் கடினம்.

இப்படிக்கு,
டயர் தொழிலில் உள்ள ஒரு வாசகர்