சேம்பரில் மிஞ்சும் ஒரு தோட்டா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் துப்பாக்கி நிறுவனங்கள் மீது வழக்கே போட முடியாது என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. அது சரியில்லை. வேறொருவர் துப்பாக்கியால் குற்றம் செய்தால் அதற்காகத் தயாரிப்பாளரைக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பதே அந்தச் சட்டம். வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் இன்றும் வழக்குத் தொடரலாம். சிக்கல், அந்த விதிவிலக்குக்குள் இருக்கும் ஒரு நிபந்தனை. துப்பாக்கி வெடிக்கக் காரணமான செயலை ஒருவர் தானாகவே செய்து, அச்செயல் குற்றமாகவும் இருந்துவிட்டால், அதுவே முழுக் காரணம் என்று கொள்ளப்படும். பிறகு வடிவமைப்பைப் பற்றிப் பேச இடமில்லை.

இதன் விளைவை இல்லினாய் மாநில வழக்கில் காணலாம். 2001-இல் 13 வயதுச் சிறுவன் ஒருவன் தந்தையின் பெரெட்டா 92எஃப்எஸ் கைத்துப்பாக்கியை எடுத்து, தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றிவிட்டு, இனி துப்பாக்கி காலி என்று நம்பி விசையை இழுத்தான். நண்பன் இறந்துபோனான். இவ்வகைத் துப்பாக்கியில் மேலுறையை இழுத்து விட்டதுமே மேகசினிலிருந்து ஒரு தோட்டா, அது வெடிக்கும் அறையான சேம்பருக்குள் ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றினாலும் அந்த ஒன்று உள்ளேயே இருக்கும். பெரியவர்களே ஏமாறும் இடம் இது. மேகசின் இல்லாதபோது விசையின் தொடர்பைத் துண்டிக்கும் சிறு அமைப்பு 1935-இல் வந்த பிரௌனிங் ஹை-பவர் கைத்துப்பாக்கியிலேயே உண்டு. மேகசின் மாற்றும் நேரத்திலும் சுட முடிய வேண்டும் என்பது எதிர்வாதம். காவல்துறைக்கு அது பொருந்தலாம், வீட்டு அலமாரிக்குப் பொருந்தாது. தோட்டா இருப்பதைக் காட்டும் சிவப்புக் குறி அந்தத் துப்பாக்கியில் இருந்தது உண்மைதான். அதன் பொருள் தெரியாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? சிறுவன் விசையை இழுத்தது தானாகச் செய்த குற்றச் செயல் என்று கூறி, 2009-இல் மாநில உச்ச நீதிமன்றம் வடிவமைப்பு வழக்குக்குக் கதவைச் சாத்தியது.

யாரும் விசையைத் தொடாமலே வெடித்தால் கதை வேறு. ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கியின் வாக்கர் ட்ரிகர் என்ற விசை அமைப்பில், விசைக்கும், சுடும் ஊசியைத் தடுத்து நிறுத்தும் சியர் என்னும் தாங்கு துண்டுக்கும் நடுவே கனெக்டர் என்ற சிறு தகடு உண்டு. அது விசையோடு பிணைக்கப்படவில்லை, ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒட்டி நிற்கிறது. சுடும்போதெல்லாம் அது விசையை விட்டு விலகும். அந்த இடுக்கில் தூசோ உறைந்த எண்ணெயோ சேர்ந்தால் தகடு பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டான சேஃப்டியை விடுவித்ததும் சியர் பிடிமானமின்றி விழ, துப்பாக்கி வெடிக்கும். 1982-க்கு முன் வந்த துப்பாக்கிகளில் சேஃப்டி, தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டையும் பூட்டியது. தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியை விடுவித்தாக வேண்டும்! வடிவமைத்த மைக் வாக்கரே 1948-இல் மாற்று அமைப்பு ஒன்றை முன்வைத்தார். துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் செலவு. நிறுவனம் ஏற்கவில்லை. சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு இலவசமாக ட்ரிகர் மாற்றித் தரும் சமரசத்தை மிசூரி கூட்டாட்சி நீதிமன்றம் 2017-இல்தான் ஏற்றது.

இத்தனை ஆண்டுகள் ஏன்? 1972-இல் அமைந்த நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பில் துப்பாக்கி கிடையாது. பொம்மையைத் திரும்பப் பெறச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு, துப்பாக்கியைச் சொல்ல முடியாது. ஆகவே வழக்கு மட்டுமே வழி. குழந்தைகளால் இயக்க முடியாத பூட்டும், தோட்டா இருப்பதைக் காட்டும் குறியும் இருந்தால் தற்செயல் துப்பாக்கிச் சாவுகளில் 31 விழுக்காட்டைத் தடுத்திருக்கலாம் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 1991-இல் கணக்கிட்டது.

தற்செயல் விபத்துகளையாவது 2005 சட்டத்தின் அந்த நிபந்தனையிலிருந்து விலக்க வேண்டும். நடப்பதோ எதிர்த்திசையில். மேகசின் துண்டிப்பு, தோட்டா காட்டும் குறி, வெளிப்புறச் சேஃப்டி ஆகியவை இல்லை என்பதை வைத்துத் தயாரிப்பாளர் மீது வழக்குப் போடுவதை நியூ ஹாம்ப்ஷயர் 2025-இல் தடுத்துவிட்டது. கட்டுரையாளரின் கூற்று அந்த மாநிலத்தில், இந்த அம்சங்களைப் பொறுத்தவரை, இப்போது பொருந்தும்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்