அந்த ஒரு வரி

ஆசிரியருக்கு,

புரோஸ்டேட் புற்றுநோய்க் கட்டுரையைப் படித்தேன். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, ஹார்மோன் ஊசி எல்லாவற்றுக்கும் நல்ல விளக்கம். பக்கவிளைவுகளுக்கு மட்டும் ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள்தான் நான் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. ஆண் ஹார்மோனை அடக்கி வைப்பதால் நோய் கட்டுக்குள் இருக்கிறது, சரி. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகம் வரை ஏறும். தலையணை உறை நனைந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்துக் குளிரில் போர்வையைத் தேடுவேன். "இப்பவாவது புரியுதா நான் பட்ட பாடு?" என்கிறாள், மாதவிடாய் நின்ற காலத்தில் இதே சூட்டை அனுபவித்த மனைவி.

தெரிந்தவர்கள் ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். சோயா காப்ஸ்யூல் சாப்பிட்டு, சூடு குறைந்துவிட்டது என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். அப்புறம்தான் தெரிந்தது, ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும் ஆண்களிடம் சோயா புரதத்தைச் சோதித்தபோது அது மருந்தே இல்லாத போலிப் பொருளை (ஒப்பிடுவதற்காகக் கொடுப்பது) மிஞ்சவில்லை என்று. நம்பிக்கையே சூட்டைக் கொஞ்சம் குறைக்கும் போலிருக்கிறது. சிறுநீர்ப்பைக்குக் கொடுக்கும் பழைய மாத்திரையான ஆக்ஸிபியூட்டினினை இந்தச் சூட்டுக்காக அமெரிக்காவில் 88 ஆண்களிடம் சோதித்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களுக்கே, ஒரு நாளில் சூடு ஏறும் எண்ணிக்கையில் சுமார் இரண்டு குறைந்தது. 5 மி.கி. வீதம் தினம் இரு வேளை மருந்து எடுத்தவர்களுக்கு ஏழு வாக்கில் குறைந்தது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்தான் மருந்தின் வேலை. வாய் வறளும், வயதானவர்களுக்கு ஞாபகம் மங்கக்கூடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சத்து மாத்திரையால் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. புரோஸ்டேட் புற்றுநோய் வராமல் தடுக்குமா என்று பார்க்க, 35,000-க்கும் அதிகமான ஆண்களிடம் செலினியத்தையும் வைட்டமின் ஈ-யையும் சோதித்தார்கள். பலன் தெரியாமல் 2008-இல் மாத்திரைகளை நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-இல் தெரிந்தது. நல்லது என்று நினைத்து விழுங்கியது!

என் டப்பாக்களை ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். எலும்புத் தேய்மானத்துக்காகக் கால்சியம், வைட்டமின் டி இரண்டை மட்டும் அளவு சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

நீரிழிவுக்கான மெட்ஃபார்மினையும் இந்த நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். ஆயுளைக் கூட்டவில்லை, ஆனால் ஹார்மோன் சிகிச்சையால் எடை ஏறுவதைக் குறைத்தது. இப்படி எத்தனையோ இருக்கின்றன. அடுத்த முறை அந்த ஒரு வரியை ஒரு பக்கமாக்குங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு வாசகன்